வாசல் மணிக்கு இணைத்த விளக்கு

என் கணவர் எவாரிஸ்தோ எங்கள் வாசல் மணியை மேசை விளக்கோடு இணைத்தது எங்கள் மகனுக்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெருவில் வேறு மாதிரி பேசுகிறார்கள். வயதான காலத்தில் பொழுது போகாமல், மகள் வாங்கிக் கொடுத்த சாமான்களை வைத்து விளையாடினார் என்கிறார்கள். அப்படி இல்லை. மகன் டெர்லிஸ் என்றாவது ஒரு நாள் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பான். அந்த நேரம் பார்த்துத் தனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது. அவருக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான்.

அவருக்குக் காது போய்விட்டிருந்தது. எங்கள் ஊர் வில்லாரிக்காவில் பாதி வீடுகளுக்கு மின்கம்பி இழுத்தவர் அவர். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். முதலில் வானொலியைக் கூட்டி வைத்தார். பிறகு வானொலி கெட்டுவிட்டது என்றார். அதைப் பிரித்துப் போட்டு ஒரு வாரம் கோளாறு தேடினார், கிடைக்கவில்லை. திரும்ப மூடி அலமாரியின் மேல் வைத்துவிட்டார். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

டெர்லிஸ் வீட்டைவிட்டுப் போனபோது அவனுக்கு இருபத்து மூன்று வயது. அப்பாவும் மகனும் ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போவார்கள். ஒரு பல் மருத்துவர் வீட்டுக்கு அவன் மட்டும் தனியாகப் போய் மின் ஷவர் மாட்டிவிட்டு வந்தான். குழாயிலேயே தண்ணீரைச் சூடாக்கித் தருமே, அது. மறுநாள் அங்கே வேலை செய்த பிளாசிதா என்ற பெண் குழாயைத் திருப்பியதும் ஷாக் அடித்துக் கீழே விழுந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை, மணிக்கட்டு உடைந்தது. எவாரிஸ்தோ மகனை எங்கள் கேட்டுக்கு வெளியே, தெருவே பார்க்க நிறுத்திக் கேட்டார்.

"எர்த் கொடுத்தியா?"

"கொடுத்தேன்ப்பா."

"கொடுத்திருந்தா அந்தப் பொண்ணு ஏன் ஆஸ்பத்திரில கெடக்குறா? பொய் வேற. இனி என் கேட்டுக்குள்ள கால் வெக்காத."

அன்று மாலையே அவன் எல்லை தாண்டிப் பியூனஸ் அயர்ஸ் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். அங்கே நம் ஊர்ப் பையன்களோடு கட்டட வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வான். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பான். உட்கார்ந்திருக்கிறார் என்பேன். கூப்பிட்டாரா என்று கேட்பான். நீ வா, அது போதும் என்பேன். "கூப்பிடலல்ல" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான்.

அவன் போய் ஐந்து வருஷம் கழித்து எவாரிஸ்தோ அதே பல் மருத்துவர் வீட்டுக்கு வேறு வேலையாகப் போனார். திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. நான் மீண்டும் மீண்டும் கேட்ட பிறகு சொன்னார்.

"எர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தேன், லிது. மேல ஒரு சாண் இருக்கு. கீழ ஒண்ணுமே இல்ல, துரு தின்னுடுச்சு. பையன் சரியாத்தான் கொடுத்திருக்கான். அவன் கொடுத்த கம்பி போய்ச் சேர எடம் இல்ல."

"அப்ப தப்பு யாரோடது?"

"அந்த வீட்டுக்கு மொதல்ல எர்த் போட்டது யாரு? நான். செம்பு போடாம இரும்பு போட்டது நான்."

உடனே அவனுக்குப் போன் செய்யலாம் என்றேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். "தெருவுல நிக்க வெச்சுச் சொன்னதைப் போன்ல திரும்ப வாங்க முடியாது. அவன் வரட்டும். நேர்ல நானே சொல்றேன். அவன் என்ன பதில் சொல்றான்னு என் காதால கேக்கணும்." நான் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஒரு வருஷத்தில் அந்தக் காது முழுவதும் போயிற்று. அப்போது இன்னொரு சத்தியம். காது போனதையும் சொல்லக் கூடாது. "செவிடாயிட்டேன்னு கேட்டா பரிதாபப்பட்டு வருவான். பரிதாபப்பட்டு வந்தவன்கிட்ட மன்னிப்பு கேட்டா, அவன் வேற என்ன சொல்லுவான்? சரிப்பான்னுதான் சொல்லுவான்." அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்கு அன்று பட்டது. முப்பது வருஷம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். எது நியாயம் போலத் தெரிகிறது, எது நியாயம் என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பகல் முழுவதும் முன் தாழ்வாரத்தில் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று பழுது பார்க்கக் கொண்டுவந்து கொடுத்தவை அப்படியே கிடந்தன. எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதர் கேட்டையே பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கண்ணயர்ந்துவிட்டால் திடுக்கிட்டு எழுந்து தெருவரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். தலைநகர் அசுன்சியோனில் வேலை செய்யும் எங்கள் மகள் நிமியா இதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சாமான்களை வாங்கி வந்தாள்: வைஃபையில் பேசும், விரல் நீளத்துக்கு ஒரு சர்க்யூட் பலகை, சிவப்பாக எரியும் ஒரு பல்பு.

"புது மணியே வாங்கிடலாம்ப்பா. கேமராவோட வருது" என்று நோட்டில் எழுதிக் காட்டினாள்.

"எதுக்கு? வாசல்ல வர்றவனை வேவு பாக்கவா? என் மணிக்கு என்ன கொறச்சல்? இருபத்தெட்டு வருஷமா ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல."

நிமியா அதன் கீழேயே எழுதினாள்: "யாராவது அடிச்சாத்தானே மக்கர் பண்ணும்."

அவரும் சிரித்துவிட்டார். உண்மைதான். எங்கள் தெருவில் முதலில் வாசல் மணி வைத்தது அவர்தான். கேட்டில் பொத்தான், அங்கிருந்து மண்ணுக்கடியில் குழாய்க்குள் இரண்டு கம்பி, வீட்டுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், டிங்-டாங் என்று இரண்டு தகட்டில் அடிக்கும் பெட்டி. ஆனால் இங்கே வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டில் நின்று கையைத்தான் தட்டுவார்கள். மணியை அடிப்பவர் யார் என்றால் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர், மெத்தை விற்பவர், வேதம் சொல்ல வருபவர். மணி சத்தம் கேட்டால் நான் கதவைத் திறக்கும் முன்பே "வேண்டாம்" என்று சொல்லத் தயாராகிவிடுவேன்.

மணியை அவர் மாற்றவில்லை. முதலில் கேட்டுப் பொத்தானிலிருந்து வரும் கம்பியையே நேராகப் பலகையில் கொடுத்தார். விளக்கு மேசையில் எரிந்தது, போன் அதிர்ந்தது. நிமியா கை தட்டிவிட்டு ஊருக்குப் போனாள். அந்த வாரமே புயல் மழை. மின்னல் வெட்டும்போதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் குடைகூட எடுக்காமல் கேட்டுக்கு ஓடினார். யாரும் இல்லை. திரும்பி வந்து தலையைத் துவட்டுவதற்குள் மறுபடி எரிந்தது. மறுபடி ஓடினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கிழவா, இது மின்னல். நீளக் கம்பி, அது பாட்டுக்கு மின்சாரத்தைப் பிடிக்குது. எனக்கே தெரியுது, உனக்குத் தெரியாதா?" என்று நோட்டில் கிறுக்கினேன்.

"தெரியும்" என்றார். "ஆனா ஒருவேளை அவனா இருந்தா?"

மழை விட்டதும் ரிலே என்கிற சின்ன மின்காந்தச் சுவிட்ச் ஒன்றை வாங்கி வந்து மணிப் பெட்டிக்குள்ளேயே, மணிச் சுருளோடு பக்கத்தில் சேர்த்துக் கட்டினார். மணி அடித்தால்தான் ரிலே இழுக்கும், ரிலே இழுத்தால்தான் பலகைக்குச் செய்தி போகும். மின்னல் மணியை அடிக்காது. "இனி நெஜ விரல் பட்டாத்தான் எரியும்" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத நிம்மதி இருந்தது.

மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். தாழ்வாரத்து வெயிலில் விளக்கு வெளிறிவிடும் என்பதால் அதைச் சுவர் நிழலில் வைத்து மூன்று பக்கமும் அட்டை கட்டினார். நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டார். மின்விசிறிகளை மறுபடி பிரிக்க ஆரம்பித்தார். கேட்டைப் பார்க்க வேண்டிய வேலையை விளக்கிடம் கொடுத்துவிட்டார்.

கை தட்டுகிறவர்களை நாங்கள் யோசிக்காமல் இல்லை. பக்கத்து வீட்டுக் காசிமிரா, வயசுக்கு மரியாதையாக எல்லோருக்கும் ஞா காசிமிரா, நான் வீட்டில் இல்லாத ஒரு நாள் மரவள்ளிக் கிழங்கோடு கால்மணி நேரம் தட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். மறுநாள் என்னைச் சந்தையில் பிடித்துக்கொண்டாள்.

"காதுதான் கேக்கல, உன் வீட்டுக்காரருக்கு ராஜா மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டு உக்காரணுமாக்கும். என் கையில தோல் உரிஞ்சதுதான் மிச்சம்."

நிமியா கேட்டில் ஒரு அறிவிப்புப் பலகை மாட்டச் சொன்னாள்: "காது கேட்காது, மணியை அடிக்கவும்." எவாரிஸ்தோ பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். "செவிடன் வீடுன்னு போர்டு மாட்டவா? எல்லாரும் படிப்பான், அவனும் படிப்பான்." நானும் வற்புறுத்தவில்லை. அநேகமாக நான் வீட்டில்தான் இருப்பேன், எனக்குக் காது கேட்கும், கை தட்டினால் நான் போய்த் திறப்பேன். அப்படித்தான் நினைத்தோம்.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துப் புதன்கிழமை எல்லோரும் சிப்பா ரொட்டி சுடும் நாள். என் தங்கை எர்மெலிந்தா வீட்டில்தான் களிமண் அடுப்பு இருக்கிறது. காலையிலேயே மாவையும் பாலாடைக்கட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். வருகிறாயா என்று அவரைக் கேட்டேன். "நீ போ. லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வர்ற நேரம்" என்றார். விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சாயங்காலம் கூடை நிறைய சிப்பாவோடு திரும்பினேன். சூட்டோடு ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, போனைத் திறந்து எனக்குக் காட்டினார். மணி எப்போதெல்லாம் அடித்தது என்று அதில் தேதி போட்டு வரிசையாக இருக்கும். திங்கட்கிழமை ஒருவர், செவ்வாய்க்கிழமை இரண்டு பேர். புதன்கிழமை என்று எதுவும் இல்லை.

"யாரும் வரல" என்றார்.

அதற்கப்புறம் டெர்லிஸ் மூன்று ஞாயிறு போன் செய்யவில்லை. பிறகு செய்தபோது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை. வேலை அதிகம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

எவாரிஸ்தோ ஜூலையில் போனார். குளிர்காலக் காலை, மாத்தே பானக் குடுவையை என்னிடம் நீட்டினார், நான் வாங்குவதற்குள் கை தளர்ந்துவிட்டது. மறுநாளே அடக்கம் செய்தோம். டெர்லிஸ் ஏறிய பஸ் எல்லையில் நின்று நின்று வர இரண்டு நாள் ஆயிற்று. நிமியா பஸ் நிலையத்துக்குப் போய் அவனை அழைத்து வந்தாள். தாடி வைத்திருந்தான். தோள் அகன்றுவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டான், அழவில்லை. அப்பாவின் படத்தின் முன்னால் விருந்தாளி மாதிரி நின்றுவிட்டு நகர்ந்தான். மகன் மனசு கல்லாகிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் ஆன்மாவுக்காக ஒன்பது நாளும் மாலை ஐந்து மணிக்கு ஜெபமாலை. நான்காம் நாள் ஜெபம் முடிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஞா காசிமிரா கண்ணைத் துடைத்தபடி பேச ஆரம்பித்தாள்.

"பாவம் தோன் எவாரிஸ்தோ. பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. புத்தாண்டுக்குப் பசங்க அவர் நாற்காலிக்குக் கீழயே வெடி போட்டாங்களே, மனுஷன் பாட்டுக்கு இஸ்திரிப்பெட்டியைத் திருகிட்டு இருக்கார்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், பிரியத்தோடுதான் சிரித்தார்கள். டெர்லிஸ் தட்டோடு அவள் முன்னால் நின்றான்.

"ஏன் தெரியாது?"

"காது கேட்டாத்தானேப்பா? மூணு வருஷமா சுத்தமா கேக்காதே. உனக்குத் தெரியாதா?"

அவன் தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் கோப்பைகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை நிமியா கடைக்குப் போன பிறகு, அவன் தாழ்வாரத்தில் என் எதிரே வந்து நின்றான்.

"மூணு வருஷமாம்மா?"

"ஆமா."

"வாரா வாரம் பேசினோம். மாமரம் பூத்ததைச் சொன்னே. எர்மெலிந்தா சித்தியோட கோழி செத்ததைச் சொன்னே."

"அவர் சத்தியம் வாங்கிட்டார்ப்பா. நீ பரிதாபப்பட்டு வரக் கூடாதுன்னு."

"நான் வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. இப்போது வந்ததைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"புனித வாரத்துல. புதன்கிழமை, மூணு மணி இருக்கும். உனக்குச் சொல்லாம வந்தேன். கேட்டுல நின்னு கை தட்டினேன். அவர் முதுகு தெரிஞ்சுது, வெள்ளைச் சட்டை. கை அசையுது, ஏதோ ஸ்க்ரூ திருப்புறார். இன்னும் பலமா தட்டினேன். எதிர் வீட்டு நாயெல்லாம் குரைக்குது. யாரு வந்திருக்காங்கன்னு திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்பான்னு கூப்பிடலயா?"

"வாய் வரல. தெறந்து உள்ள போகவும் முடியல. கால் வெக்காதன்னு சொன்னவர் அங்கதான உக்காந்திருக்கார். அரை மணி நேரம் நின்னேன். முன்னெல்லாம் கேட்டைப் பாத்துதான உக்காருவார்? நான் வர்றதைப் பாத்துட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டார்னு நெனச்சேன்."

"மணியை அடிச்சிருக்கலாமே" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"மணியா? சொந்த வீட்டுல மணி அடிக்க நான் என்ன மீட்டர் பாக்க வந்தவனா?"

சொல்லிவிட்டு நிறுத்தினான். அவன் கண் மேசைக்குப் போயிற்று, அட்டை கட்டிய விளக்குக்குப் போயிற்று. அவனும் மின்வேலை தெரிந்தவன். உள்ளே போய் மணிப் பெட்டியின் மூடியைக் கழற்றினான். நான் பின்னாலேயே போய் நின்றேன். ரிலேயைப் பார்த்தான். அதன் காலிலிருந்து புறப்பட்ட இரண்டு கம்பிகளை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பலகையைக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு முனையிலும் அவர் வழக்கப்படி துணிநாடாவில் பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தார்: "மணி", "விளக்கு". அதைப் படித்தான்.

"இது எப்ப பண்ணார்?"

"போன வசந்த காலத்துல."

"யாருக்காக?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். எல்லோருக்கும் பொதுவாகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவன் தன் அப்பா தன்னைக் காணாததுபோல் இருந்தார் என்ற நினைப்போடு போவான். உண்மையைச் சொன்னால் ஒரு விரல் அழுத்தத்தில் தவறிப்போனது என்ற நினைப்போடு போவான். எதைக் கொடுத்தாலும் அவன்தான் சுமக்க வேண்டும். ஆனால் இதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

"உனக்காகத்தான். நீ வந்தா தெரியணும்னு. விளக்கு தெரியணும்னுதான் நாற்காலியைத் திருப்பினார்."

பல் மருத்துவர் வீட்டு எர்த் கம்பியையும் சொன்னேன். துரு தின்றது, இரும்பு போட்டது அவர், உன்மேல் தவறில்லை என்று தெரிந்து நான்கு வருஷம் ஆகிறது, நேரில் சொல்லக் காத்திருந்தார், எல்லாம் சொன்னேன். அவர் இரண்டு வரியில் சொல்லி முடிக்க வேண்டியதை நான் தடுமாறித் தடுமாறி வெகுநேரம் சொன்னேன். பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாலு வருஷம்" என்றான். அப்புறம், "அவர் சொல்லாததுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவர் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை போன் எடுத்தது நீ."

மூடியை மாட்டினான். தாழ்வாரத்துக்குப் போய் அப்பாவின் நாற்காலியில், மேசையைப் பார்த்து உட்கார்ந்தான்.

"போய் அடி" என்றான்.

நான் முற்றத்தைக் கடந்து வெளியே போய், கேட்டைச் சாத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். உள்ளே மணி அடித்தது. அவன் முன்னால் சிவப்பு வெளிச்சம் வந்து காதோரத்தில் பட்டது. அவன் அசையவில்லை. மறுபடி அழுத்தச் சொல்லி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். அழுத்தினேன். நான்கு தடவையோ ஐந்து தடவையோ அழுத்தியிருப்பேன். ஞா காசிமிரா வேலி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கேட்டிலிருந்து எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. அந்தப் புதன்கிழமை அரை மணி நேரம் அவன் பார்த்தது இதைத்தான்.

"டெர்லிஸ்" என்று கூப்பிட்டேன்.

அவனுக்கு நன்றாகக் காது கேட்கும். திரும்பவில்லை.

இன்னொரு முறை கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கேட்டைத் திறந்து உள்ளே நடந்தேன். மூன்று வருஷமாக எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது: எவாரிஸ்தோவிடம் எதைச் சொல்வதானாலும் சுற்றிப் போய் மேசைப் பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில் நின்று, அவர் முகம் நிமிர்ந்த பிறகுதான் பேசுவேன். அதேபோலப் போய் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது நான்தான், அதைச் சொல்லத்தான் நின்றேன். அவன் முகம் நிமிர வெகுநேரம் ஆயிற்று.